மைக்கக்காவும் உள்தாழ்ப்பாளும்

சண்டை மூண்டு வீட்டை விட்டு ஓடி வந்தபோது மைக்கக்கா கையோடு கொண்டுவந்தவை இரண்டுதான். ஒன்று பதிமூன்று வயது மகள், இன்னொன்று ஊரைக் கூட்டும் குரல். மகளை வழியெல்லாம் இழுத்து வர வேண்டியிருந்தது. குரல் தானாகவே முன்னால் ஓடி வந்தது.

பஸ் நிலையத்தில் வண்டி போகும் ஊர்களைக் கூவுவதுதான் அவள் பிழைப்பு. ஒலிபெருக்கி பழுதான நாளில்கூட எந்தப் பயணியும் வண்டியைத் தவறவிட்டதில்லை; அப்படித்தான் அவள் மைக் அக்கா, மைக்கக்கா ஆனாள். குண்டு விழுந்து அந்த நிலையம் தரைமட்டமானது. தொண்டை மட்டும் தப்பியது.

இப்போது அவளைப்போல ஓடி வந்த பெண்களும் பிள்ளைகளுமாக எல்லோரும் தங்கியிருப்பது ஓர் ஆரம்பப் பள்ளியில். வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். நடுவில் பெஞ்சுகளை நிமிர்த்தி வைத்த தடுப்பு. நிவாரணக்காரர்கள் பாய், போர்வை, சோப்பு, பால்மாவு எல்லாம் தந்தார்கள். ஆனால் இருந்த இரண்டு கழிப்பறைகளுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. சின்னப் பிள்ளைகள் உள்ளே பூட்டிக்கொண்டு அழக்கூடாதென்று பள்ளியில் எப்போதோ கழற்றிவிட்டார்களாம்.

மைக்கக்கா சும்மா இருப்பாளா? யார் போனாலும் வெளியே காவல் நின்றாள். நின்றதோடு விட்டாளா?

"உள்ளே ஆள் இருக்கு! யாரும் ஏறாதீங்க! மூணாம் வகுப்பு ரூம்ல இருக்கிற அத்தை இப்பத்தான் போயிருக்காங்க, வண்டி கிளம்ப நேரமாகும்!"

"அடியே, என் வண்டி எப்பக் கிளம்பினா உனக்கென்னடி?" என்று அத்தை உள்ளிருந்தே கத்துவாள். வகுப்பறைகள் சிரிப்பில் குலுங்கும்.

சிரிக்காதவள் ஒருத்திதான். மைக்கக்காவின் மகள். அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். டம்ளரை நீட்டினால் உதட்டை மட்டும் நனைப்பாள். ஒருநாள் அடிவயிறு எரிகிறதென்று சுருண்டு படுத்துவிட்டாள். பார்க்க வந்த நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, "நிறையத் தண்ணி குடிக்கணும். இல்லைன்னா கிட்னி வரைக்கும் போயிடும்" என்றாள்.

"ஏன்டி குடிக்க மாட்டேங்கிற? யாராவது கதவைத் திறந்துடுவாங்கன்னு பயமா? அம்மா நிக்கிறேன்ல?"

"நீ நிக்கிறதாலதாம்மா. நான் உள்ளே போனா ஊருக்கே சொல்ற. பசங்கல்லாம் சிரிக்கிறாங்க."

பெற்றவள் நெஞ்சில் இடி விழுந்தது. குண்டுமழைக்குத் தப்பிய குழந்தையை வாயாலேயே சாய்த்துவிட்டோமே! ஆனால் கூவாமல் நின்றால் அவசரத்தில் ஓடி வரும் யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். தாழ்ப்பாள் ஒன்றே வழி.

நிவாரண அதிகாரியிடம் ஓடினாள். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதிலையே முகாம் அவருக்குப் பெயராக வைத்திருந்தது: பார்க்கலாம் சார்.

"ஐயா, ஒரே ஒரு தாழ்ப்பாள். என் பொண்ணு உயிர் ஐயா!"

"பள்ளிக்கூடக் கதவும்மா. ஆணி அடிக்கவே அனுமதி வாங்கணும். பார்க்கலாம்."

"பார்த்துக்கிட்டே இருக்கீங்களே, கண்ணு வலிக்கலையா?"

மறுநாள் பார்க்கலாம் சார் நெளிந்துகொண்டே வந்தார். வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, கொஞ்சம் யாரும் வராம பார்த்துக்கிறீங்களா?"

"அதுக்கென்ன ஐயா, தாராளமா போங்க" என்றாள் மைக்கக்கா தேன் ஒழுக.

கதவு சாத்தியதும் தொண்டையைக் கனைத்தாள். இடிந்த பஸ் நிலையமே எழுந்து வந்ததுபோல் இருந்தது.

"பயணிகள் கவனத்துக்கு! அதிகாரி ஐயா உள்ளே இருக்காங்க! வயிறு கடமுடாங்குதாம்! யாரும் கதவைத் தள்ளாதீங்க! வண்டி இப்போதைக்குக் கிளம்பாது!"

பிள்ளைகள் பட்டாளம் ஓடி வந்தது. "ஐயா, வண்டி எந்த ஊருக்கு?" என்றது ஒரு வாண்டு.

"போதும்மா!" என்று உள்ளிருந்து முனகல் கேட்டது.

"கூவலைன்னா யாராவது திறந்துடுவாங்களே ஐயா! தாழ்ப்பாள்தான் இல்லையே, என்ன பண்ணலாம்?"

"போடலாம்! இன்னிக்கே போடலாம்!"

"பார்க்கலாம் இல்லையே?"

"இல்லம்மா! போடலாம், போடலாம்!"

சாயங்காலமே தச்சர் வந்தார். குட்டிப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இரண்டு கதவிலும் தாழ்ப்பாள் பளபளத்தது.

மகள் உள்ளே போனாள். டக்கென்று சத்தம் கேட்டது. மைக்கக்காவின் தொண்டை அரித்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இருக்கியா?"

"ம்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ம்ஹூம்."

வெளியே வந்த மகள் நேரே குழாயடிக்குப் போனாள். டம்ளரை நிரப்பி ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடியும் நிரப்பினாள். அந்தச் சேதியைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கூவ மைக்கக்காவின் வாய் திறந்தது.

மகள் திரும்பி முறைத்தாள்.

வாய் மூடிக்கொண்டது. கண்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.