பெட்டிக்குள் வைத்த பொம்மை

ஜியோகேச்சிங் என்பது, யாரோ ஒளித்து வைத்த பெட்டியை செல்போன் வரைபடம் பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். போன சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, நானும் கணவரும் இலஞ்சியில் ஒரு தென்னந்தோப்புக்குள் புகுந்தோம். மரத்தடியில் பெட்டி கிடைத்தது. கணவர் ஒரு சாவி வளையத்தை எடுத்துக்கொண்டு, சின்னத் துணிப்பொம்மை ஒன்றை வைத்தார்.

"ஏலே, என் தோப்புலயா செய்வினை வைக்கே? எம்மவன் காலு ஒடிஞ்சது இதனாலதாம்லே!" என்று பின்னாலிருந்து ஓடிவந்த தோப்புக்காரர் தென்னைமட்டையால் விளாசினார். கணவரின் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

"அண்ணாச்சி, இது விளையாட்டு!" என்று குறுக்கே பாய்ந்த என் தோளிலும் அடி விழுந்தது.

"அடுத்தவன் தோப்புல என்னட்டி விளையாட்டு?"

கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். ஓடித் தப்பினோம், ஆஸ்பத்திரியில் அவர் நெற்றிக்குத் தையல் போட்டார்கள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் அந்தந்த இடத்துக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசிய பிறகே பெட்டியைத் தேடுகிறோம்.