வௌவால் போட்ட இலுப்பங்கொட்டை

காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி நெல்லியடியில் இறங்கினேன். அங்கிருந்து கரவெட்டிக்கு ஓட்டோ, முந்நூறு ரூபாய். ஆனி வெயில் மண்டையைப் பிளந்தது.

"வௌவால் பாக்கவோ இவ்வளவு தூரம் வாறியள்?" என்று ஓட்டோக்காரர் சிரித்தார்.

சிரிக்கட்டும். அந்த ஊர் இலுப்பை மரத்தில் கூட்டமாகத் தொங்கும் பழவௌவால்களை இன்று மாலை வெடி கொளுத்தி விரட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பதறி ஓடி வந்தேன்.

விரட்டப் போகிறவர் சிவபாலன் அண்ணை, திராட்சைத் தோட்டக்காரர். திராட்சைக்கு இங்கே முந்திரிகை என்று பெயர். பந்தலின் கீழ் கூட்டிப்போய்க் காட்டினார். குலை குலையாகக் கடித்துத் துப்பிக் கிடந்தது.

"பிள்ளை மாதிரி வளத்தனான். உவை தின்னட்டும் எண்டு விடச் சொல்லுறியளோ?"

பந்தலை வலையால் மூடலாமே அண்ணை என்று கேட்டுப் பார்த்தேன், அவர் கையை விசிறி மறுத்துவிட்டார்.

நாலு மணிக்கு வெடிப்பெட்டியோடு மரத்தடிக்குப் போனோம். அவருடைய அக்கா மகேஸ்வரி அங்கே பனையோலைக் கடகத்தில் இலுப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். வௌவால் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். அதைச் செக்கில் ஆட்டித்தான் கோயிலுக்கு இலுப்பெண்ணெய். இரவில் பூவுக்குப் பூ தாவி, பூவைக் காயாக்குவதும் இதே வௌவால்தான். இப்படிப்பட்டதைப் படித்தவர்கள் ஆதார இனம் என்பார்கள். அதை உருவிவிட்டால் அதை நம்பி நிற்பதெல்லாம் சரியும்.

"உதென்ன பெட்டி?" என்றார் அக்கா.

"வெடி. உவையைக் கலைக்கப் போறன்."

"கலை, வடிவாக் கலை! முந்திரிகை நல்லாக் காய்ச்சா ஒரு மண்டலம் பிள்ளையாருக்கு இலுப்பெண்ணெய் விளக்கு எண்டு நேந்தது ஆர்? நீதானே? அதுக்குக் கொட்டை ஆர் போடுறது? நீ ஏறித் தொங்குவியோ?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணை சிரிக்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளையாரும் உவையோடை கூட்டோ?" என்றார்.

பொழுதுபட வௌவால்கள் எழும்பியபோது, நாங்கள் மூவரும் அண்ணை வீட்டிலிருந்து எடுத்துவந்த வலையைப் பந்தலுக்கு மேல் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணை வௌவால்களைத் திட்டித் தீர்த்தார். கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

புறப்படும்போது வெடிப்பெட்டியை என் கையில் திணித்தார். "கொண்டு போங்கோ. உங்கடை பக்கம் கலைக்க உதவும்."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் நின்ற இலுப்பையை எப்போதோ தறித்துவிட்டார்கள். விளக்குக்குக் கடைப் போத்தல் எண்ணெய்தான். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்தபடி வந்தேன். கலைப்பதற்கு அங்கே ஒரு வௌவாலாவது வேண்டுமே.