சல்லடையில் அரக்கு நூல்

ஆரணியில் வேலூர் சாலையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த சக்கரவர்த்திக்கு ஒரு பழக்கம். வண்டியிலிருந்து எதைக் கழற்றி மாற்றினாலும், பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "எதுக்கு மேஸ்திரி இந்தக் குப்பை?" என்று கேட்டால், "மாத்தினேன்னு நான் சொன்னா போதுமா? நீங்க கண்ணால பாக்கணும் இல்ல?" என்பார். இப்படிப் பத்து வருஷம் கொடுத்துக் கொடுத்தே ஊரில் அவருக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. கார் ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்கள் வாய்ச்சண்டை போட்டால்கூட, மேஸ்திரி சொல்லட்டும் என்று இங்கேதான் வருவார்கள். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நல்ல பெயர் தனியாக வருமா? கொஞ்சம் தலைக்கனத்தையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், பட்டு வியாபாரி சிவப்பிரகாசத்தின் அம்பாசிடர் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. ஓட்டிவந்தவன் தருமன், அந்த வீட்டில் ஆறு வருஷமாக டிரைவர். முதலாளியும் வண்டிக்குள்தான் இருந்தார்; வண்டி நின்றதும் சாலையோர டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்ப, சக்கரவர்த்தி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. எண்ணெய் தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால், ஆயில் நிறைய இருந்தது. டிக்கியைத் திறந்தார். பாதி காலியான ஆயில் டின் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கான் மொதலாளி. நின்ன அப்பால டின்னுலேந்து ஊத்திட்டு, இருந்துச்சுன்னு கத சொல்றான்."

"சத்தியமா இல்லீங்க மேஸ்திரி. காலைலயே குச்சிய எடுத்துப் பாத்தேன். அந்த டின்னு போன மாசத்ததுங்க" என்றான் தருமன்.

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. சிவப்பிரகாசம் சாவிக்குக் கையை நீட்டினார். "எஞ்சின் போனா போவுது. பொய் சொல்றவன் எனக்கு வாணாம்."

சொன்னது வேறு யாராவது என்றால் பத்து நாளில் ஊர் மறந்திருக்கும். சொன்னது சக்கரவர்த்தி ஆயிற்றே. அதற்குப் பிறகு ஆரணியில் ஒருவரும் தருமனை நம்பி வண்டி கொடுக்கவில்லை. அவன் போளூர் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஒர்க்ஷாப்பில் போட்டார்கள். வேறு வேலைகள் இருந்ததால் மூன்று வாரம் கழித்துத்தான் சக்கரவர்த்தி எஞ்சினைப் பிரித்தார். அடியில் ஆயிலை வடிகட்டி மேலே அனுப்பும் சல்லடையைக் கழற்றினால், அது முழுக்க ஏதோ கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. கசண்டு என்று நினைத்துக் கட்டை விரலால் வழித்தார். கறுப்புக்கு அடியில் பளபளவென்று அரக்கு நிறம் தெரிந்தது. பட்டு நூல்.

ஆடிக்கு முன்னால் இதே வண்டியின் எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றியது அவர்தான். கை துடைக்க, முதலாளியின் தறியில் கழித்த நூல் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தவன் தருமன். எஞ்சினுக்கு உள்ளே பழந்துணியால்தான் துடைக்க வேண்டும், நூல் படவே கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. ஆனால் அன்றைக்கு முதலாளி கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று வாசலில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று உயிரை வாங்கினார். துணி கைக்கு அகப்படவில்லை. ஒரு பிடி நூலை எடுத்து உள்ளே ஒரு துடை துடைத்து மூடிவிட்டார். ஒட்டிக்கொண்ட நூலெல்லாம் ஆயிலோடு வந்து சல்லடையை அடைத்திருக்கிறது. ஆயில் கீழே நிறைய இருந்தது, மேலே ஏறத்தான் வழி இல்லை. குச்சி பொய் சொல்லவில்லை. தருமனும் சொல்லவில்லை.

யாரும் பார்க்கவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு அலசு அலசினால் போயே போய்விடும். அவர் அலசவில்லை, அதற்காக உடனே எழுந்து ஓடிவிடவும் இல்லை. இரண்டு நாள் அந்தச் சல்லடையைப் பேப்பரில் சுற்றி டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, சோறு இறங்காமல், வருகிற போகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கை தவறியதைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தன் வாய் செய்த வேலையைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பொட்டலத்தோடு சிவப்பிரகாசம் வீட்டுக்குப் போனார். சேலை கொண்டுவந்த நெசவாளிகள் நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா மேஸ்திரி, வழக்கம்போல பழைய சாமானா?" என்று சிரித்தபடி பிரித்தார் சிவப்பிரகாசம்.

"தருமன் மேல தப்பு இல்லீங்க. இது உங்க தறி நூலு. உள்ள வுட்டது என் கை. ஆயில் இருந்துச்சு, அவன் சொன்னது நெசம். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

சிவப்பிரகாசம் நூலை விரலில் உருட்டிப் பார்த்தார். "நீ சொன்னியேன்னு இல்லய்யா ஆறு வருஷம் இருந்தவன அனுப்பிச்சேன்?"

"எஞ்சின என் செலவுலயே கட்டிக் குடுத்துடறேங்க."

"எஞ்சின் கெடக்குது. மொதல்ல போய் அவன இட்டுகினு வா."

வழியில் கார் ஸ்டாண்டில் நின்று, அங்கிருந்த டிரைவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி இதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு போளூர் பஸ் ஏறினார்.

மண்டியில் தருமன் வேர்க்கடலை மூட்டையை அப்போதுதான் முதுகிலிருந்து இறக்கியிருந்தான். சக்கரவர்த்தி சுற்றி வளைக்காமல், மூட்டைக்காரர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தருமன் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"திட்டணும்னா திட்டிடு தருமா. இப்படி சும்மா இருக்காத."

"திட்டி இன்னா ஆவப்போவுது மேஸ்திரி? வேலைக்கு நாளைக்கு வரேன். இப்ப என் ஊட்டுக்கு வந்து இத சொல்லுங்க."

"ஊட்டுக்கா?"

"பொய் சொல்லலன்னு எம் பொண்டாட்டிகிட்ட பத்து தபா சொல்லிட்டேன். மேஸ்திரி ஏன் தப்பா சொல்லப் போறாருன்றா அவ."

இவ்வளவு தூரம் தன் சொல் போய் ஒரு வீட்டுக்குள் புகுந்திருக்கும் என்று சக்கரவர்த்தி நினைக்கவே இல்லை.

தருமனின் மனைவி ரேணுகாம்பாள், ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில், வீட்டு வாசலில் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி நின்றபடியே சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவள் சல்லடையை வாங்கி, ஒரு இழையை உருவி, இரண்டு கையாலும் சுண்டிப் பார்த்தாள். அறுபடவில்லை.

"பட்டுதான்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அப்ப நெசமாவே அன்னிக்கு குச்சிய எடுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்னுதான சொல்லிகினே இருந்தேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தருமனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அழுது முடித்தவள் மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"இத என்னிக்குங்க கண்டுபுடிச்சீங்க?"

"மூணு நாளாச்சும்மா. ரெண்டு நாளு பயந்துகினு இருந்துட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருந்தீங்க போங்க. ரெண்டு பேரும் கைய கழுவுங்க, சோறு போடறேன்."

அன்றைக்கு சக்கரவர்த்தி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு நாள் பசி. அப்பாடா என்று இருந்தது.

எஞ்சின் தயாராகி தருமன் மறுபடியும் அம்பாசிடரை எடுத்தான். அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடிய எட்டு வருஷமும், ஒர்க்ஷாப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நிறுத்துவான். பானெட்டைத் தூக்கி, குச்சியை உருவி, மேஸ்திரி மூக்குக்கு நேராக நீட்டுவான். "பாத்துக்கங்க மேஸ்திரி. அப்பால ஊத்துனேன்னு சொல்லக் கூடாது."

சக்கரவர்த்தி செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து நன்றாகப் பார்ப்பார். பிறகு எதிர்க் கடைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வார்: "இருக்குது!"