கோமதி மாமியின் பன்னிரண்டு ஸ்வரங்கள்

வீணைக் கலைஞர் கோமதி மாமி காலமான செய்தி, எங்கள் இசைக்கலைஞர்கள் குழுவில் கைப்பேசியில் வந்தது. பத்துப் பதினைந்து பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அடுத்து ஒருவர் எழுதியிருந்தார்: "பீட்டர் சார், மாமியோட அந்தத் தொண்ணூறுகள் வீணை சவுண்ட் உங்ககிட்ட இருக்குல்ல? கம்ப்யூட்டர்ல போடற மாதிரி மாத்திக் குடுங்களேன். செம வின்டேஜ் சார்!" மாமியை வீட்டிலிருந்து இன்னும் எடுத்திருக்கவில்லை. எதிரே இருந்திருந்தால் அந்த ஆளை அறைந்திருப்பேன். ஆனால் சரியான இடத்தில்தான் கேட்டிருந்தார். அந்த சவுண்டைச் செய்தவன் நான்தான்.

மாமியோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஏழு மணி கால்ஷீட்டுக்கு ஆறரைக்கே மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார். நான் சாந்தோம்காரன், மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துவிட்டுக் கீபோர்டுக்கு வந்தவன். தி.நகர் ஸ்டூடியோவில் என் கைக்கு ஒரு சாம்ப்ளர் வந்தது. எந்த வாத்தியத்தின் ஒலியையும் பதிந்து வைத்துக்கொண்டு, கீபோர்டு கட்டையை அழுத்தினால் அதையே திருப்பி ஒலிக்கச் செய்யும் பெட்டி. முழு வீணையும் ஒரே ஃபிளாப்பிக்குள் அடங்க வேண்டும். பன்னிரண்டு ஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினாடிதான் இடம். "சும்மா டெஸ்டிங் மாமி" என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். டெஸ்டிங் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

கமகம் கூடாது, அசைக்காமல் ஒற்றை ஒற்றையாக மீட்டுங்கள் என்றேன். "என்னடா பீட்டர், பல் டாக்டராட்டம் ஒவ்வொண்ணாப் பிடுங்கிண்டிருக்கே! இதுக்குப் பேர் வாசிப்பா?" என்று சிரித்தார். பதினோரு ஸ்வரங்கள் ஒழுங்காக நின்றன. காந்தாரத்தில் மட்டும் விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முடிவில் துளி அசைந்துவிட்டது. "அசடாட்டம் இருக்கு, இன்னொரு தரம் எடுத்துக்கோ" என்றார். எனக்குச் சாப்பாட்டு அவசரம். "போதும் மாமி" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, கால்ஷீட் ரத்தானது தெரியாமல் வீணையோடு வந்து நின்றார். "இன்னாத்துக்கு மாமி இம்மாந்தூரம் வந்தீங்க? வீணையெல்லாம் பீட்டர் சார் பெட்டிலயே முட்ச்சிட்டாரு" என்றார் வாசலில் இருந்த ஸ்டூடியோ ஊழியர். உள்ளே அன்று பதிவான பாட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். மாமி ஸ்பீக்கர் முன்னால் வந்து நின்றார். "நன்னா இருக்கே, யார் வாசிக்கறா?" காந்தாரம் வந்தது. மறுபடியும் வந்தது, அதே அசைவோடு. "நானா?" என்றார்.

அதன்பிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஃபிளாப்பி மட்டும் நகலாகி ஊரெல்லாம் சுற்றியது. நானே நாலு பேருக்குக் கொடுத்தேன். மாமி என்னிடம் நியாயம் கேட்கவில்லை. மாட வீதியில் எதிர்ப்படும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "அந்தக் காந்தாரத்தை மட்டும் சரி பண்ணிடேன்டா. ஊரெல்லாம் நான் தப்பா வாசிச்சிண்டிருக்கேன்." "அடுத்த வாரம் மாமி" என்பேன். செய்யவே இல்லை. இப்போது அந்த அசைவில்தான் உயிர் இருக்கிறதாம். இடம் போதாமல் நான் தரத்தைக் குறைத்துப் பதிந்ததால் வந்த கரகரப்பு, கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கிடைக்காத அழகாம். அழகாவது மண்ணாவது! ஒரு மனுஷியின் பிழைப்பைக் கெடுத்த சத்தம் ஐயா அது.

துக்கம் விசாரிக்கப் போனேன். மாமியின் மகள் உட்காரச் சொன்னார். வீட்டிலிருந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டனவாம். "பீட்டர் மாமா, அம்மா வாசிச்சது ஆத்துல ஒண்ணுகூட இல்லை. ஒரே ஒரு கீர்த்தனை போறும். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

பன்னிரண்டு ஸ்வரங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிக் கோத்தாலும் என் வாசிப்புதான் வரும். "இல்லைம்மா" என்றேன். மாமியை வாசிக்கவிடாமல் நான் எடுத்து வைத்துக்கொண்ட இருபத்து நான்கு வினாடி. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.