கழுதை விலாவில் ஒரு தொலைபேசி இலக்கம்

மன்னார் பஸ் நிலையத்தடியில் யாரோ ஒருவரின் ஓட்டோவை முஸ்பிரா தேய்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியிலிருந்த ஸ்ரிக்கரின் ஓரம் நகக்கண் அளவு கிளம்பியிருக்கிறது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் காலாவதியான வங்கி அட்டையை எடுத்து, சரக் சரக்கென்று இரண்டு இழுப்பு. ஓட்டோக்காரர் முறைக்கிறார். "ஆர் ஒட்டினதெண்டு நான் கேக்கமாட்டன். ஓரம் கிளம்பிக் கிடந்தா எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டு முஸ்பிரா நடையைக் கட்டுகிறார்.

வள்ளத்துக்குப் பெயர், கடைக் கண்ணாடிக்குப் படம் என்று இந்தத் தீவில் ஒட்டக்கூடிய எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஸ்ரிக்கர்த் தாளில் வெட்டி மிஞ்சிய துண்டையும் எறிவதில்லை. திருவிழாப் பதாகையின் நீலமும் கலியாணக் காரின் தங்க நிறமும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கின்றன. விலை கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "மலிவாச் செய்வன், மட்டமாச் செய்யமாட்டன்."

போன திங்கட்கிழமை நான் போனபோது அவருடைய ஸ்ரிக்கர் கடை வாசலில் மீன்பிடிக்கிற எட்வேட் நின்றார். வள்ளத்தை விற்று, இடித்த வீட்டுக் கல்லும் ஓடும் அள்ளிப்போகும் பெரிய இரும்புத் தொட்டிகளை வாங்கி, வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார். வாசலில் இறக்கி வைத்திருந்த முதல் தொட்டி, பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒட்டி, இரண்டு மணிக்கு நானாட்டான் போகவேண்டும்.

"தங்கச்சி, பசார் முழுக்கப் பாக்கப்போகுது. நம்பர் பெரிசா இருக்கோணும். ஒருத்தரும் எடுக்காட்டி நான் திரும்ப ஆரின்ரையோ வள்ளத்திலை கூலிக்குத்தான் போகோணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பாவமாக இருந்தது.

சோளகக் காற்று மண்ணை வாரி இறைக்கிற மாதம். காற்று சற்று ஓயும்வரை காத்திருந்துதான் முஸ்பிரா ஸ்ரிக்கரின் பின்தாளை உரிப்பார். எட்வேட்டின் பெயர் அழகாக உட்கார்ந்தது. இலக்கத்தை உரித்த நொடியில் காற்று திரும்பியது. சிவப்பு இலக்கம் கையைவிட்டுத் துள்ளி, தொட்டியில் முதுகு சொறிந்துகொண்டிருந்த ஒரு தெருக் கழுதையின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவும் நேராக, ஒரு கோணல் இல்லாமல்! மன்னார்க் கழுதைக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? எடுத்தது ஓட்டம்.

"யா அல்லாஹ், பிடிங்கோ! நம்பர் போகுது!"

செருப்பைக் கையில் பிடித்தபடி முஸ்பிரா ஓட, அவருக்குப் பின்னால் எட்வேட் ஓட, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நானும் ஓடினேன். கழுதை மீன் சந்தைப் பக்கம் மறைந்தே போயிற்று.

சிவப்புத் தாள் முடிந்துவிட்டது. அடுத்த சுருள் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை. எட்வேட் தொட்டியில் சாய்ந்து தலையில் கைவைத்தார். முஸ்பிரா பிஸ்கட் ரின்னைத் திறந்து, மிஞ்சிய துண்டுகளில் இலக்கத்தை வெட்டி ஒட்டினார். ஏழு நீலத்தில், மூன்று தங்க நிறத்தில், பூச்சியம் பச்சையில்.

"என்ன தங்கச்சி, மிட்டாய்க் கடை மாதிரிக் கிடக்கு!"

"மிட்டாயெண்டா எல்லாரும் திரும்பிப் பாப்பினம், அண்ணன்."

லொறியில் தொட்டியை ஏற்றும்போது எட்வேட்டின் தொலைபேசி அடித்தது. சந்தையிலிருந்து யாரோ. "கழுதை வாடகைக்கு விடுறியளோ?"

"கழுதை இல்லை ஐயா, தொட்டி! கல்லு மண் அள்ளுற தொட்டி!"

மறுமுனையில் ஒரு சிரிப்பு. பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமை ஒண்டு அனுப்புங்கோ. மதில் இடிக்கிறம்."

எட்வேட் சிலுவை போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு ஒரு முத்தமும் கொடுத்தார்.

லொறி புறப்பட்ட கையோடு அந்தக் கழுதை ஆடி அசைந்து திரும்பி வந்தது. இலக்கம் அப்படியே இருந்தது. கடைசி எண்ணின் ஓரம் மட்டும் கிளம்பியிருந்தது. உரித்தெடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முஸ்பிரா கைப்பையைத் திறந்து வங்கி அட்டையை எடுத்தார்.

"கொஞ்சம் அசையாம நில்லு, ராசா."

சரக், சரக்.