பலா மரத்தடியில் விட்ட வண்டி

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் நான். முந்தைய வண்டி திருடு போனதால், புது மின்சார ஸ்கூட்டரில் ஜி.பி.எஸ்., போனிலிருந்தே சக்கரத்தைப் பூட்டும் கருவி எல்லாம் மாட்டியிருந்தேன்.

அன்று ரோடு முடிகிற இடத்தில் மர நிழலில் வண்டியை விட்டேன். அசதியில் ஹேண்டில் லாக் போடவில்லை. தடுப்பூசி போட்டுவிட்டுக் கால் கடுக்கத் திரும்பும்போது போன் அலறியது. வண்டி நகர்கிறது! உடனே சக்கரத்தைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

மிளகுத் தோட்டக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் மூச்சு வாங்க என் வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திருடறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் வண்டியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இல்லீங்க நர்ஸம்மா. மேல பாருங்க, பலா பழுத்துத் தொங்குது. விழுந்தா வண்டி நொறுங்கிருமுங்க. தள்ளிட்டுத்தான் வந்தோம், திடீர்னு சக்கரம் சுத்தலீங்க. அதான் தூக்குனோம்."

நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். போனை எடுத்தேன். சக்கரப் பூட்டை விடுவித்தேன். மூன்று பேருமாகத் தள்ளினோம்.

என் போனில் அந்தக் கருவி தானாகப் போட்ட அன்றைய பதிவு இன்னும் 'திருட்டு முயற்சி' என்றே இருக்கிறது. அதை அழிக்க வழியில்லையாம்.