ஆமெனுக்குக் காத்திருந்த என் பாட்டு

என் தம்பியின் பாட்டைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அவனுக்கு முன்பே ஹார்மோனியம் பழகியவள் நான். ஆனால் அவன் ஆண்பிள்ளை. எங்கள் ஊர்ப் பாதிரியார் அவனைச் சங்கீதம் படிக்கப் பெங்களூருக்கு அனுப்பினார்; அப்பா என்னைப் பொம்மிடியிலேயே கட்டிக்கொடுத்தார்.

யுத்தம் நடந்த வருஷங்களில் அவன் அங்கே பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தான். பிறகு கோயில் கோயிலாகப் பாடகர் குழுக்களை நடத்தினான். சொந்தமாக மெட்டும் போட்டான். செய்தி வரும்போதெல்லாம் ஊரார் என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவன் பாணி தனி. ஆண்களின் அடிக்குரலில் ஆரம்பித்து, அதன்மேல் பெண்குரல்களை ஏற்றுவான். யாரும் எதிர்பாராத இடத்தில் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிடுவான். அந்த நிசப்தமும் பாட்டுதானாம். மெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கேழ்வரகுக் காட்டில் களை பறிக்கிறவர்கள் பாடுவது. அதை நான் முணுமுணுத்தால் பொழுதுபோக்கு, அவன் தாளில் எழுதினால் சங்கீதம்!

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் ரயிலில் வந்து இறங்கினான். எங்கள் கோயிலில் அவன் பாட்டு.

"ஏக்கா, உன் பாட்டையும் ஒண்ணு வெச்சுக்கலாம். வூட்டுக்குள்ளயே எத்தினி நாளைக்குப் பாடுவ?" என்றான்.

அவன் தயவில் பாடுவதா என்று ரோஷம் வந்தது. ஆசை விடவில்லை. எங்கள் சபையில் பாட்டு நின்றதும் எல்லோரும் ஆமென் சொல்வது வழக்கம். என் மெட்டுக்கு ஒரே ஒரு முறை அந்த ஆமென் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முதலில் அவன் பாட்டு. தாளம் காட்டப் புளியங்குச்சி ஒன்றைச் சீவிக் கையில் வைத்திருந்தான். "ஏனுங்க, மாடு ஓட்டப் போறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பாட்டு ஏறியது. பாதியில் அவன் கையைத் தூக்க, எல்லாம் நின்றது. முடிந்துவிட்டதென்று நினைத்து சபை மொத்தமும் "ஆமென்" என்றது.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இப்போது முழிக்கட்டும் என்று பார்த்தேன்.

அவன் முழிக்கவில்லை. சபைப் பக்கம் திரும்பிச் சிரித்தான். "இன்னொருக்கா சொல்லுங்க" என்று கையை உயர்த்தினான். ஆமென் வந்தது. தாழ்த்தினான், மெதுவாக வந்தது. அதன்மேலேயே பாடகர்களை ஏற்றி மீதிப் பாட்டை முடித்தான். தப்பாகச் சொன்னவர்கள் எல்லோரும் அவனுடைய பாடகர்களாகிவிட்டார்கள். கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து நான், அதே பாடகர்களோடு ஹார்மோனியத்தில். குரல்கள் பிசகவில்லை, என் விரலும் பிசகவில்லை. நன்றாகவே பாடினோம். கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஓரமாக நின்ற என் தம்பியின் கையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினான்.

கணீரென்று ஆமென் வந்தது. அந்தக் கையைப் பார்த்து என் வாயும் சேர்ந்து சொன்னது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.